தழும்பும் சித்திரமும்

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், திருச்சிராப்பள்ளி மேலச்சிந்தாமணியில் பச்சை குத்தும் கடை நடத்திவந்த இளைஞர் ஒருவரும் அவருடைய கூட்டாளியும், வைத்தியப் பயிற்சி எதுவுமின்றித் தம்மை நாடி வந்தவர்களின் நாக்கை நுனியிலே இரண்டாகப் பிளந்து, அக்காட்சியைப் படம்பிடித்து இன்ஸ்டாகிராமில் வெளியிட்டதற்காகக் கைதானார்கள். மாநகராட்சிச் சுகாதார அதிகாரிகள் வந்து கடைக்குச் சீல் வைத்தார்கள். டொராண்டோவின் வடகிழக்கு எல்லையில், ஸ்டீல்ஸ் அவென்யூவின் இருமருங்கும் பரந்து கிடக்கும் மில்லிக்கன் பகுதிக்கு அச்செய்தி வந்துசேர ஒரு பொழுதுகூடத் தேவைப்படவில்லை. தமிழ்க் கடைகளிலும் கோயில் மண்டபங்களிலும் அதைப் பற்றிப் பேசிய பெரியவர்களில் அநேகர் உரைத்த அபிப்பிராயம் ஒன்றேதான்: "உதுகளுக்கு விசர்."

இத்தீர்ப்பில் வெவ்வேறான இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று குழம்பிக் கிடக்கின்றன என்பது என் துணிபு. வெட்டியவன் செய்தது குற்றமா என்பது ஒன்று. வெட்டிக்கொண்டவனுடைய சித்தம் கலங்கியிருந்ததா என்பது மற்றொன்று. முன்னதைச் சட்டமும் வைத்திய சாஸ்திரமும் சேர்ந்து பெரும்பாலும் தெளிவாகத் தீர்த்துவைக்கலாம். பின்னதை, ஒருவருடைய தோலையோ காதையோ நாக்கையோ கண்ட மாத்திரத்தில் எவராலும் சொல்லிவிட முடியாது. ஆனால் நம்முடைய சமூகம் முன்னதில் அசிரத்தையாகவும் பின்னதில் அவசரமாகவும் இருந்துவருகிறது. அந்த அவசரத்தால் நஷ்டமடைகிறவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள்.

வெட்டும் கையைப் பற்றி முதலிலே சொல்லிவிடுகிறேன். நாக்கு இரத்தம் நிறைந்த தசை. அதன் நடுக்கோட்டுக்கு இருபுறமும் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. கத்தி சிறிது பிசகினால் இரத்தப் பெருக்கை நிறுத்துவது எளிதன்று. வீக்கம் மிகுந்தால் சுவாசப் பாதையே அடைபடும். புண் ஆறினாலும் பேச்சு பழையபடி வருமென்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இத்தகைய காரியத்தைக் கடையின் பின்னறையில், மயக்க மருந்தின் அளவும் அறியாத ஒருவர் செய்யலாகாது என்பதில் விவாதத்துக்கே இடமில்லை. ஒன்ராறியோ மாகாணத்திலே, தோலுக்குக் கீழுள்ள திசுவில் கை வைப்பது உரிமம் பெற்ற சுகாதாரத் தொழிலோருக்கே உரிய செயல் என்று சட்டம் வகுத்து, ஆபரணம் அணிவதற்காகத் துளையிடுதல், அலங்காரத்துக்காகப் பச்சை குத்துதல் போன்ற சிலவற்றுக்கு மாத்திரம் விலக்களித்திருக்கிறது. டொராண்டோப் பொதுச் சுகாதாரத் துறையினர் பச்சை குத்தும் கடைகளைச் சோதித்து, அச்சோதனையின் முடிவை வாடிக்கையாளர் காணும்படி அங்கேயே ஒட்டச் செய்கிறார்கள். ஊசி குத்திக்கொள்ளப் போகும் பிள்ளையை வீட்டிலே பூட்டிவைக்க முயல்வதைக் காட்டிலும், அந்த அறிவித்தலை வாசித்துவிட்டு உள்ளே போ என்று சொல்லி அனுப்புவது எவ்வளவோ பிரயோசனமுள்ள காரியம்.

கண்ணின் வெள்ளை விழிக்கு நிறமேற்றும் விபரீதமான வழக்கத்தின் சரித்திரமும் இந்நகரத்தோடு சம்பந்தமுடையது. நல்ல பார்வையுள்ள மூவருடைய கண்களில் ஊசியால் மை செலுத்தும் பரீட்சை 2007ஆம் ஆண்டில் டொராண்டோவிலே நடந்தது. உடல் மாற்றத்தில் ஈடுபட்டோருக்கென 1994இல் இங்கிருந்தே ஓர் இணைய இதழைத் தொடங்கி நடத்திய ஷானன் லாராட் அம்மூவரில் ஒருவர். வெண்விழியின் மேலிருக்கும் மெல்லிய சவ்வுக்கும் விழிக்கும் இடையில் மை இறங்கவேண்டும். ஊசி சற்றே ஆழமாகச் சென்றால் கண்ணுக்குள் புகுந்துவிடும். ஒருமுறை பரவிய மையைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது. பத்து வருஷங்களுக்குப் பின், 2017இல், ஒட்டாவாவைச் சேர்ந்த ஓர் இளம்பெண் ஊதா நிற மை ஏற்றிக்கொண்டு, கண் வீங்கிப் பார்வை மங்கித் துன்புற்ற செய்தி உலகமெங்கும் பரவியது. தம்மைப் போல் இன்னொருவர் அவசரப்படக் கூடாதென்பதற்காக அவர் தம் முகத்தை மறைக்காமலே அதைச் சொன்னார். அவ்வாண்டு டிசம்பரில் ஒன்ராறியோச் சட்டசபை வெண்விழிக்கு மை ஏற்றுவதையும் விழிச்சவ்வின் அடியில் நகை பதிப்பதையும் தடைசெய்தது. இங்கிலாந்திலே, வுல்வர்ஹாம்ப்டன் நகரில் வாடிக்கையாளர்களின் காதை அறுத்தும் முலைக்காம்பை நீக்கியும் நாக்கைப் பிளந்தும் வந்த ஒருவருடைய வழக்கில், வெட்டிக்கொண்டவர் கையெழுத்திட்டுக் கொடுத்த சம்மதம் வெட்டியவருக்குக் காப்பாகாது என்று 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. மறுவருஷம் அவருக்கு நாற்பது மாதச் சிறை கிடைத்தது.

திருச்சியிலும் ஒன்ராறியோவிலும் இங்கிலாந்திலும் அரசு கை வைத்தது வெட்டியவர்மீதே. வெட்டிக்கொண்டவரைப் பைத்தியமென்றோ குற்றவாளியென்றோ எந்த அரசும் சொல்லவில்லை. இந்த விவேகம் அரசாங்கங்களுக்கு இருக்கும்போது, பெற்ற தாய் தந்தையருக்கும் உற்றாருக்கும் இல்லாமற் போவது ஏன்?

தோலைக் கண்டு மனத்தைத் தீர்மானிப்பது எத்தகைய அநியாயத்தில் கொண்டுபோய் விடும் என்பதற்கு மொன்றியலில் வாழ்ந்த ரிக் ஜெனெஸ்ட்டின் கதையைவிடத் தெளிவான திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது. 1985இல் பிறந்த அவருக்குப் பதினைந்து வயதில் மூளையில் கட்டி இருப்பது கண்டறியப்பட்டது. சாவின் வாசலைப் பார்த்துவிட்டுத் திரும்பிய அச்சிறுவன், சிகிச்சைக்குப் பிறகு தன் தேகம் முழுவதும், முகமும் தலையும் உட்பட, ஒரு பிரேதத்தின் எலும்பும் நரம்பும் புழுவும் பூச்சியுமாகச் சிறுகச் சிறுகப் பச்சை குத்திக்கொண்டான். 139 எலும்புகளும் 176 பூச்சிகளும் அவர் மேனியில் இருந்ததாகக் கின்னஸ் புத்தகம் பதிவுசெய்தது. 2011இல் பாடகி லேடி காகாவின் இசைப்படத்தில் தோன்றி உலகப் பிரசித்தி பெற்றார். 2018 ஆகஸ்டு முதலாந்தேதி ஒரு பால்கனியிலிருந்து விழுந்து, முப்பத்திரண்டு வயதில் மாண்டார். மரணவிசாரணை முடியும் முன்பே, தற்கொலை என்று ஊரெல்லாம் பேசியது. அப்படியொரு முகத்தை வைத்துக்கொண்டிருந்தவன் வேறெப்படிச் செத்திருப்பான் என்பதே அப்பேச்சின் உள்ளர்த்தம். 2019இல் மரணவிசாரணை அதிகாரி தம் அறிக்கையை வெளியிட்டார்: அது விபத்து. வதந்தியைச் சுமந்த வேகத்தில் பாதி வேகத்திலேனும் அவ்வறிக்கையை யாரும் சுமந்து செல்லவில்லை. முன்னர்ச் சொன்ன ஷானன் லாராட்டும் அற்பாயுளில், 2013 மார்ச்சில், இந்நகரத்திலேயே காலமானார். அவரைப் பல வருஷம் வாட்டியது தசைகளைப் பற்றிய கொடிய வியாதியும் அதன் ஓயாத வலியும்; அந்த வலி அவருடைய சித்திரங்களில் எதிலும் எழுதப்பட்டிருக்கவில்லை.

இனி நம் வீட்டுக்குள்ளேயே வருவோம். ஸ்காபரோவிலுள்ள முருகன் கோயில்களில் கோடைத் திருவிழாவின்போது காவடிக்காகச் செடில் குத்துவதைக் கிட்ட நின்று பார்த்தவர்கள் நம்மில் ஏராளம். இடுப்பில் பட்டு வேட்டியோடு குனிந்து நிற்கும் இளைஞனின் முதுகில் விபூதியை அப்பி, தோலை இரண்டு விரல்களால் உயர்த்திப் பிடித்து, வளைந்த முள்ளை ஒரே மூச்சில் ஏற்றுகிறார் அதில் கைதேர்ந்தவர். ஒவ்வொரு முள் ஏறும்போதும் இளைஞனின் தோள்பட்டை ஒருகணம் இறுகித் தளர்கிறது. இரத்தம் வருவதே அபூர்வம். முட்களில் கோத்த கயிறுகளைப் பின்னே ஒருவன் இழுத்துப் பிடிக்க, அவன் ஆடத் தொடங்குகிறான். கன்னத்தில் அலகு ஏறிய இன்னொருவன் பேசாமல் உடன் செல்கிறான். அவனுடைய அம்மா கைகூப்பிக் கண்ணீர் விடுகிறாள். அவளுக்கு அதில் அவமானம் கிடையாது, பெருமையே உண்டு. அதே இளைஞன் அடுத்த கிழமை புருவத்தில் ஒரு சிறு வளையம் மாட்டிக்கொண்டு வந்தானாயின் வீட்டிலே மூன்று நாள் சோறு இறங்காது.

இதனைச் சுட்டிக் காவடியை இழிவுபடுத்த நான் நினைக்கவில்லை. அந்த வேலையை ஒரு காலத்தில் வெள்ளைக்காரர் செய்தார்கள். 1891இல் மதுரை ஜில்லாவின் சோழவந்தானில் செடிலாட்டம் நடந்தபோது, இது காட்டுமிராண்டித்தனம் என்று மதராஸ் ராஜதானியெங்கும் கூக்குரல் எழுந்தது. பாதிரிமாரும் சீர்திருத்தக்காரரும் ஒருபக்கமும், ஊர்மக்கள் மறுபக்கமுமாக நின்ற அந்த வாதத்தின் முடிவில் 1894 வாக்கில் சர்க்கார் அதைத் தடுப்பதற்கு முற்பட்டது. காலம் செய்த விந்தை என்னவென்றால், அடுத்த நூற்றாண்டில் மேனாட்டாரே அதைத் தேடி வந்ததுதான். தெற்கு டகோட்டாவில் 1930இல் பிறந்த ரோலண்ட் லூமிஸ் என்பவர், பக்கீர் முசாஃபர் என்று தமக்குப் பெயர் சூட்டிக்கொண்டு, நம் காவடியையும் செவ்விந்தியரின் சூரிய நடனத்தையும் தம் சரீரத்திலேயே செய்துபார்த்தார். 1985இல் ஒரு திரைப்படமும், 1989இல் 'மாடர்ன் பிரிமிடிவ்ஸ்' என்ற நூலும் அவரைப் பிரபலப்படுத்தின. இன்று மேலைநாட்டு இளைஞர் கொக்கிகளில் தொங்குவதும் தோலைத் துளைப்பதும் அவர் வகுத்த பாதையில் வந்தவை. ஆகவே, 'வெள்ளைக்காரப் பழக்கம்' என்று நம்மவர் அருவருத்து ஒதுக்கும் வழக்கத்தின் ஒரு வேர் பத்துமலையிலும் பினாங்கிலும் நம் முருகன் சந்நிதியிலேயே இருக்கிறது. காதைப் பற்றியோ சொல்லவே வேண்டாம். மதுரைச் சீமையிலும் திருநெல்வேலிச் சீமையிலும் பெண்குழந்தையின் காதைக் கத்தியால் கீறி, பஞ்சு திணித்து, பின்னர் ஈயக் குணுக்கு மாட்டித் தோள்வரை தொங்க வளர்த்து, பாம்படமும் தண்டட்டியும் பூட்டினார்கள். அந்தத் தலைமுறை கழியுமுன்பே, தொங்கும் காது நாகரிகமற்றதென்று வெட்கி, அறுத்துத் தைத்துக்கொண்ட பெண்களும் உண்டு. வளர்த்தபோது எந்தப் பெண்ணையும் யாரும் கேட்கவில்லை. பிள்ளையின் சம்மதம் என்ற எண்ணமே அன்று இல்லை. இன்று காது மடலில் வட்டக் கட்டை செருகிக்கொண்டு பசிபிக் மாலில் திரியும் இளைஞன், தன் இஷ்டத்துக்குத் தானே செய்துகொண்டான் என்ற அளவிலேனும் அந்தக் காலத்துச் சிறுமியைவிடச் சுதந்திரன்.

மனோவைத்தியம் இவ்விஷயத்தில் எங்கே கோடு கிழிக்கிறது? அமெரிக்க மனநல மருத்துவர் அர்மாண்டோ ஃபவாசா 1987இல் வெளியிட்ட தம் நூலில், சமுதாயம் ஏற்று நடத்தும் உடற்சிதைவையும், மனத்துன்பத்தினால் ஒருவர் தம்மைத் தாமே காயப்படுத்திக்கொள்வதையும் வேறு வேறாகப் பிரித்துக் காட்டினார். 2013இல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, சாக வேண்டுமென்ற நோக்கமின்றித் தன்னைக் காயப்படுத்துவதை மேலும் ஆராயத்தக்க ஒரு நிலையாகக் குறித்தது. பச்சை குத்திக்கொள்ளப் போகிறவன் மாதக்கணக்கில் யோசித்து, காசு சேர்த்து, சித்திரத்தைத் தெரிவுசெய்து, முடிந்ததும் நாலு பேருக்குக் காட்டுகிறான். தாங்கொணாத துயரத்தில் தன்னைக் கீறிக்கொள்ளும் பிள்ளை பெரும்பாலும் மறைக்கிறது; ஆடி மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாமல் இருக்கிறது. விகாரமென்று நாம் அலறுவது முன்னவனைப் பார்த்து. நம் கண்ணில் படாமலே போவது பின்னது. இரண்டும் ஒருவரிடத்திலேயே கூடியிருக்கவும் கூடும் என்பதை மறுக்கவில்லை; தன் உருவத்தில் பிறர் காணாத ஒரு குறையைத் தான் கண்டு, எத்தனை மாற்றம் செய்தும் ஆறுதல் அடையாமல் தவிக்கும் மனநோயும் உண்டு. ஆனால் அந்நோயாளிகள் பச்சைக் கடையை மட்டும் தேடுகிறவர்களல்லர். தோலை வெளுக்கவைக்கும் பசைகளை வருஷக்கணக்காக மகளின் முகத்தில் பூசி, கலியாணச் சந்தைக்கு அவளைத் தயார் செய்யும் வீட்டில் உடல் மாற்றம் என்ற பேச்சே எழுவதில்லை. கறுப்பு ஒரு குறையென்று அந்தப் பிள்ளையின் மனத்தில் எழுதியதை எந்த லேசராலும் அழிக்க முடியாது.

இவ்வளவும் எழுதியபின், பெற்றோரின் பக்கத்தில் இருக்கும் ஒரு பெரிய நியாயத்தை எழுதாமல் விடுவது பாவம். மில்லிக்கனில் வாழும் ஈழத்தமிழ்ப் பெற்றோரில் அநேகர், உடம்பில் ஒரு குறி இருப்பதே உயிருக்கு ஆபத்தாக இருந்த தேசத்திலிருந்து வந்தவர்கள். சோதனைச் சாவடியில் இராணுவத்தினர் பஸ்ஸை நிறுத்தி, இளைஞரை இறக்கி, சட்டையைக் கழற்றச் சொல்லி, முழங்கையிலும் முழங்காலிலும் தோளிலும் தழும்பு தேடினார்கள். பனங்காட்டில் விழுந்த சிராய்ப்பும் சைக்கிளிலிருந்து விழுந்த காயமும் ஆயுத இயக்கப் பயிற்சியின் அடையாளமாக வாசிக்கப்பட்டன. அவ்வாசிப்பு கடல் கடந்தும் தொடர்ந்தது. இலங்கைக்குத் திருப்பி அனுப்பப்படும் தமிழருக்கு ஆபத்தை விளைவிக்கக்கூடிய காரணிகளை 2007இல் பிரித்தானியாவின் அகதித் தீர்ப்பாயம் எண்ணியபோது, உடம்பிலுள்ள தழும்பும் அவற்றில் ஒன்றாக இடம்பெற்றது. இன்னும் கொடுமையானது ஓர் ஈழத்தமிழருடைய வழக்கு. காய்ச்சிய இரும்புக் கம்பியால் தம்மைச் சுட்டார்கள் என்று முதுகிலும் கையிலும் இருந்த தழும்புகளைக் காட்டி அவர் அடைக்கலம் கேட்டார். மயக்கமருந்து கொடுக்கச் செய்து தாமே பிறரைக்கொண்டு சூடு வைத்துக்கொண்டிருக்கலாம் என்று அதிகாரிகள் சந்தேகித்தார்கள். வழக்கு பிரித்தானிய உச்ச நீதிமன்றம் வரை சென்று, 2019 மார்ச்சில், அப்படித் தன்னைத் தானே சுடுவித்துக்கொள்வது மிகமிக அரிது என்பதற்கு உரிய கனத்தைக் கொடுத்தே தழும்பை நோக்கவேண்டும் என்று நீதிபதிகள் உரைத்து, மறு விசாரணைக்கு அனுப்பினார்கள். சித்திரவதைப்பட்டவனுடைய முதுகே அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லும்படி நிறுத்தப்பட்ட உலகம் இது.

அப்பேர்ப்பட்ட அநுபவத்தின் வழிவந்த ஒரு தாய், பத்தொன்பது வயது மகன் முன்கையில், போரில் மாண்டோரின் நினைவுப் பூவான கார்த்திகைப் பூவைப் பச்சை குத்திக்கொண்டு வந்து நிற்கக் கண்டு, "ஏன் மகன் இப்பிடிச் செய்தனீ?" என்று அலறும்போது, அவளுடைய குரலில் இருப்பது ஊர் என்ன சொல்லுமோ என்ற கூச்சம் மாத்திரமன்று. குறியுள்ள தோலைக் கண்டால் யாரோ பிடித்துக்கொண்டு போவார்கள் என்ற, பல வருஷங்களுக்கு முந்திய பயம் அவளுடைய நெஞ்சிலிருந்து இன்னும் இறங்கவில்லை. மகனோ அப்பயத்தை அறியான். அம்மா பிற்போக்கானவள் என்று முடிவு கட்டுகிறான். அவள் அழிக்க நினைக்கும் சரித்திரத்தையே அவன் தோலில் எழுதிக்கொள்கிறான், அதுவும் அவளை நினைத்தே. யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், யுத்தம் தமிழர் மனத்தில் விட்டுச்சென்ற காயங்களைப் பற்றி 1998இலேயே நூல் எழுதினார். மனத்தின் நோவை நம்மவர் நெஞ்சடைப்பென்றும் தலையிடியென்றும் உடம்பின் பாஷையில் முறையிடுவதை நம்மிடையே வேலை செய்யும் குடும்ப வைத்தியர்கள் நன்கறிவார்கள். தாய் உடம்பினால் பேசுகிறாள். மகனும் உடம்பினாலேயே பேசுகிறான். வாயினால் ஒருவரோடொருவர் பேசுவதுதான் நடக்கவில்லை.

காவடி எடுக்கிறவனுக்கும் பின்னறையில் நாக்கைப் பிளந்துகொள்கிறவனுக்கும் இடையில் நான் காணும் பெரிய பேதம் வலியின் அளவிலன்று. காவடிக்காரனைச் சுற்றித் தமையனும் மாமனும் மேளமும் ஊரும் நிற்கின்றன. எதற்காக நேர்ந்தான் என்பது எல்லோருக்கும் தெரியும். முள்ளைக் கழற்றி, விபூதி இட்டு, இளநீர் கொடுத்து, வீட்டுக்கு அழைத்துப் போக ஆளிருக்கிறது. மற்றவனுடன் யார் போனார்கள்? இக்கேள்விக்கு யாருமில்லை என்பதே விடையானால், நாம் கவலைப்பட வேண்டியது அந்தத் தனிமையைக் குறித்துத்தான். இதனாலேயே, மீளமுடியாத மாற்றம் எதற்கும் முன்பாக ஒரு குறிப்பிட்ட காலம் காத்திருக்கவேண்டும் என்ற விதியைச் சட்டம் கொண்டுவரவேண்டும் என்று விரும்புகிறேன். கோயிலில் ஏறும் முள்ளுக்கும் கடையில் ஏறும் ஊசிக்கும் ஒரே சுத்த விதி இருக்கவேண்டும் என்பதையும் நம் கோயில் நிர்வாகத்தார் கோபிக்காமல் ஏற்பார்கள் என்று நம்புகிறேன். 2023 நவம்பர் 30 முதல் கனடா முழுவதும், தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர் எவரும் 988 என்ற இலக்கத்தை அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். ஆனால் அச்சேவை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் நடப்பது. பிள்ளை அதைப் பயன்படுத்தும். தாய்க்கு அது எட்டாது. தமிழர் இவ்வளவு பேர் வாழும் பகுதிகளில் தமிழிலே மனம்விட்டுப் பேசக்கூடிய ஆலோசகர்களை நியமிக்கும்படி பாடசாலைச் சபைகளையும் மாகாண அரசையும் கேட்பது நம் சங்கங்களுக்குரிய கடமை; கலைவிழா மண்டபத்துக்கு முற்பணம் கட்டுவதற்கு முன்னால் செய்யவேண்டிய கடமை.

வீட்டுக்குள்ளே செய்யவேண்டியதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை. மகனுடைய கையைக் கண்டு ஏன் அலறினாள் என்பதை அம்மாவே அவனை உட்காரவைத்துச் சொல்லட்டும்: எந்தச் சாவடியில் யாருடைய சட்டையைக் கழற்றினார்கள், திரும்பி வந்தவர் யார், வராதவர் யார் என்று. அதைப் போல அவனும், அந்தப் பூவை ஏன் தெரிந்தெடுத்தான், எத்தனை நாள் யோசித்தான், குத்தும்போது யாரை நினைத்தான் என்று அவளுக்குச் சொல்லட்டும். இரவில் நித்திரை வருகிறதா, சாப்பாடு இறங்குகிறதா, உயிரோடிருக்க விருப்பமிருக்கிறதா என்று நேராகவே ஒருவரையொருவர் கேட்கட்டும்; அப்படிக் கேட்பது அந்த எண்ணத்தை மனத்தில் விதைத்துவிடாது என்பது வைத்தியர்கள் துணிந்து கூறும் உண்மை. இவ்வளவும் பேசியபின் அவன் மற்றக் கையிலும் ஒரு சித்திரம் குத்திக்கொள்ளலாம், குத்தாமலும் விடலாம். அது அவனுடைய கை.